பச்சைக் காரும் பந்தக்காலும்

நெடுங்கரைப்பட்டியில் மூளைக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. யாரும் எடுத்துச் செலவு செய்யாததால் எல்லாம் வைத்தது வைத்தபடி பத்திரமாக இருந்தது. அந்த ஊரில் உமையொருபாகம் என்று ஒருவர் இருந்தார். படித்துக் கிழித்தவர் போல முகக்களை, தங்கமான மனசு, சொன்ன சொல்லை ஓர் எழுத்துப் பிசகாமல் செய்கிற குணம். முதல் இரண்டால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

அவர் வீட்டு முற்றத்தில் ஈசான மூலையில், தென்னை மரத்தடியில், ஒரு பச்சைக் கார் நின்றது. அவருடைய அப்பா வாங்கிய வெளிநாட்டுக் கார். முதலில் அதுவாக ஓடியது. பிறகு தள்ளினால் ஓடியது. அதற்கும் பிறகு தள்ளுகிறவர்கள் மட்டும் ஓடினார்கள், கார் நின்றுகொண்டது. கூரையும் தரையும் துருப்பிடித்து, கதவைத் திறந்தால் கையோடு வருமோ என்று பயந்து யாரும் திறப்பதில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஒரு சாம்பல் நிறக் கோழி குடியிருந்தது.

அவர் மகள் சிவகாமிக்கு விருதுநகரில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளையின் அப்பா தவசிலிங்கம் கறாரான மனுஷர். அவர்கள் வழக்கப்படி மண்டபமெல்லாம் கூடாது, பெண் வீட்டில்தான் கல்யாணம். சோசியர் குறித்த இடத்தில் குறித்த நேரத்துக்குள் பந்தக்கால் ஊன வேண்டும். அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டார் வந்து அதன் அடியில் பால் ஊற்றுவார்கள். இதில் எது பிசகினாலும் கல்யாணம் நின்றுபோகும். அவருடைய சொந்தத் தம்பிக்கே அப்படி ஒரு தடவை நின்றுபோனதாம். இதைக் கேட்டதிலிருந்து உமையொருபாகத்துக்குத் தூக்கம் போய்விட்டது. சிவகாமி கண் கலங்கினால் அவரால் தாங்க முடியாது.

சோசியர் வந்தார், முற்றத்தை அளந்தார், கார் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். குறிக்க வேண்டிய இடம் காருக்கு அடியில் இருந்தது. குனிந்து பார்த்தார், இடுப்பு இடம் கொடுக்கவில்லை. காரின் கூரை மேலேயே சந்தனத்தால் ஒரு பொட்டு வைத்தார்.

"இந்தப் பொட்டுக்கு நேர் கீழ பந்தக்கால் எறங்கணும். வெள்ளிக்கிழமை காலையில ஒம்பது மணிக்குள்ள. தள்ளிக்கிள்ளி ஊனிட்டு அப்புறம் என்னைக் கேக்கக்கூடாது."

அந்த வீட்டில் மூளையை அவ்வப்போது வெளியே எடுப்பவள் உமையொருபாகத்தின் மனைவி கோமதி ஒருத்திதான். அவளோ மகளைக் கூட்டிக்கொண்டு பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் கிளம்பினாள். வெள்ளிக்கிழமைதான் திரும்புவாள். போகும்போது காரை எப்படியாவது விற்று முற்றத்தைக் காலி செய்யச் சொன்னாள். கடைசியாக வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "சோசியர் சொன்னதை அப்படியே செய்யுங்க. உங்க சொந்த யோசனை எதையும் அதுல கலந்துறாதீங்க" என்றாள். உமையொருபாகம் அதை மனசில் எழுதி வைத்துக்கொண்டார்.

அவருக்குத் துணையாக இரண்டு பேர். ஒருவன் தம்பி ஆவுடையப்பன். இன்னொருவன் கோமதியின் தம்பி சங்கிலிமுத்து. சங்கிலிமுத்துதான் செல்போனில் காரைப் படம் பிடித்து, விற்பனைக்கு என்று போட்டான். மறுநாளே கோயம்புத்தூரிலிருந்து நஞ்சப்பன் என்பவர் கூப்பிட்டார். பழைய கார்களை வாங்கிப் புதுப்பிப்பது அவருக்குத் தொழில்.

"ஏனுங்க, வண்டியக் கழுவ வேண்டாமுங்க, பெயிண்ட் அடிக்க வேண்டாமுங்க. தூசியக் கூடத் தொடைக்காதீங்க. போட்டோவுல எப்படி இருக்குதோ அப்படியே இருக்கோணும். எவ்வளவு பாழாக் கெடக்குதோ அவ்வளவு சந்தோசமுங்க எங்களுக்கு. வெள்ளிக்கிழமை விடியால லாரியோட வாறேன்."

மூவரும் அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார்கள். கார் இருந்தது. தூசி இருந்தது. இருக்கையில் கோழி இருந்தது. இடது ஓரத்தில், முன்விளக்குக்குப் பக்கத்தில், சங்கிலிமுத்துவின் கட்டைவிரல் இருந்தது. படம் பிடிக்கும்போது குறுக்கே வந்த விரல். "இதுவும் இருக்கணுமோ?" என்று ஆவுடையப்பன் கேட்டான். அப்படியே இருக்கணும் என்றால் அப்படியேதான் என்று உமையொருபாகம் தீர்த்துச் சொன்னார். கோழி இறங்கி மேயப் போகாமல் இருக்க, ஆவுடையப்பன் ஜன்னல் வழியாக அதற்கு அரிசி ஊட்டத் தொடங்கினான்.

அடுத்த கவலை முன்விளக்கு. கார் முழுக்கப் பாழ், அந்த விளக்கு மட்டும் கண்ணாடி கீறாமல் பளிச்சென்று இருந்தது. கோயம்புத்தூர்க்காரர் மனசு நோகுமே என்று உமையொருபாகம் வருந்தினார். கல்லால் ஒரு தட்டுத் தட்டட்டுமா என்று ஆவுடையப்பன் கேட்டான்.

"நாம உடைச்சா அப்படியே இருந்ததா ஆகாதே," என்றார் உமையொருபாகம்.

"தானா உடைஞ்சா?" என்றான் சங்கிலிமுத்து.

"தானா உடைஞ்சா யாரு என்ன சொல்ல முடியும்."

எனவே மூவரும் விளக்கின் எதிரே பாய் விரித்து உட்கார்ந்து, அது தானாக உடைவதற்காகக் காத்திருந்தார்கள். சாயங்காலம் வரை விளக்கு அசையவில்லை. மரத்திலிருந்து ஒரு நெற்றுத் தேங்காய் விழுந்தது. விளக்கின் மேல் விழாமல் கூரையில், சோசியர் வைத்த பொட்டின் மேலேயே விழுந்தது. துருப்பிடித்த தகரம் பொத்துக்கொண்டு, பொட்டு இருந்த இடத்தில் ஓட்டை வந்தது. தேங்காய் அதோடு நிற்காமல் காரின் தரையையும் பொத்துக்கொண்டு மண்ணில் போய் உட்கார்ந்தது. மூவரும் பயந்துபோய்ப் படத்தை எடுத்துப் பார்த்தார்கள். படத்தில் கூரை தெரியவில்லை. அப்புறம்தான் மூச்சு வந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கோடை மழை கொட்டியது. கையில் கிடைத்த குடை, தாம்பாளம், பாய் எல்லாவற்றையும் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. மழை விட்டபோது கார் குளித்துத் தலைசீவிய மாதிரி நின்றது. உமையொருபாகம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தூசி இல்லை என்றால் வியாபாரம் இல்லை, கார் போகாது, பந்தக்கால் இறங்காது, சிவகாமிக்குக் கல்யாணம் இல்லை. அவருக்கு அழுகை வந்தது, அழுதார்.

தூசிக்கு என்ன பஞ்சம், தெருவில் அள்ளலாமே என்று ஆவுடையப்பன் தேற்றினான். சங்கிலிமுத்து தலையை ஆட்டினான்.

"தெருத்தூசி நேத்து வந்தது, அத்தான். வண்டியில இருந்தது உங்க அப்பா காலத்துத் தூசி. பழசுலயே பொழங்குற மனுசனுக்கு வயசு தெரியாதா?"

நியாயமான பேச்சு. அப்பா காலத்துத் தூசி வேறு எங்கே இருக்கும் என்று மூவரும் யோசித்தார்கள். பரண் மேல் இருந்தது. மரியாதையோடு முறத்தில் இறக்கி, அடுக்களையிலிருந்து சல்லடை எடுத்து, கார் முழுவதும் ஒரே சீராகச் சலித்தார்கள். அது கோமதி மிளகாய்ப்பொடி சலிக்கிற சல்லடை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் நஞ்சப்பன் தன் காரில் முன்னால் வந்தார், லாரி பின்னால் வந்தது. வண்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. இப்படி ஒரு தூசியைத் தான் பார்த்ததே இல்லை என்றார். குனிந்து ஊதினார். பிறகு வெகுநேரம் தும்மினார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், முன்விளக்கின் பக்கத்தில் கட்டைவிரலை நீட்டியபடி ஆடாமல் அசையாமல் நின்ற சங்கிலிமுத்துவைக் கண்டார்.

"இவரு என்னங்க பண்றாரு?"

"போட்டோவுல இருந்த விரல்தாங்க," என்றார் உமையொருபாகம் பணிவாக. "நாங்க எதையும் மாத்தலை."

நஞ்சப்பன் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. விலை பேசி முடித்து, சங்கிலி போட்டுக் காரை லாரியில் ஏற்றச் செய்து, கோழியைப் பற்றி எதுவும் கேட்காமல் தன் காரில் முன்னால் கிளம்பிப் போனார். லாரி டிரைவர் டீக்கடைக்குப் போனார். உமையொருபாகத்துக்கு மார்பில் இருந்த பாரம் இறங்கியது. முற்றம் காலி. மாவிலை கட்டி மஞ்சள் பூசிய மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு, கார் இருந்த இடத்துக்கு வந்தார். கடப்பாரையை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"மாப்பிள்ளை, சோசியர் எங்க ஊனச் சொன்னாரு?" என்று சங்கிலிமுத்துவைக் கேட்டார்.

"பொட்டுக்கு நேர் கீழ, அத்தான்."

"பொட்டு எங்க?"

மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். தலைக்கு மேல் ஆகாயமும் தென்னங்கீற்றும்தான் இருந்தன. பொட்டு லாரி மேல், காரின் கூரையில், ஓட்டையாக இருந்தது.

"இவ்வளவு நாள் இங்கதானே இருந்துச்சு, அண்ணே. இங்கயே ஊனிட்டா என்ன?" என்றான் ஆவுடையப்பன்.

"அது உன் சொந்த யோசனை," என்றார் உமையொருபாகம். "அதைக் கலக்கக்கூடாதுன்னு உங்க மதினி படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போயிருக்கா."

ஒன்பது மணி ஆகப்போகிறது. பேச நேரமில்லை. மூவரும் லாரியில் ஏறினார்கள். மூங்கிலைக் கூரை ஓட்டைக்குள் விட்டார்கள், தேங்காய் போன வழியிலேயே அதுவும் போய், தரை ஓட்டையைத் தாண்டி லாரிப் பலகைகளின் இடுக்கில் இறங்கி உட்கார்ந்தது. அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்தியதைப் பார்த்து, தேங்காயை விழவைத்த பிள்ளையாருக்கு உமையொருபாகம் மனசார நன்றி சொன்னார். அசையாதபடி கயிறு கட்டி, கற்பூரம் காட்டி இறங்கினார்கள். டிரைவர் திரும்பி வந்து பார்த்தார். வண்டியை வழியனுப்புவதற்கு இந்த ஊரில் இப்படி ஒரு வழக்கம் போலும் என்று நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு லாரியைக் கிளப்பினார். மாவிலைகள் ஆட, கோழி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்திருக்க, பந்தக்கால் ஊர் எல்லையைத் தாண்டியது. பல நாளுக்குப் பிறகு உமையொருபாகம் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

மத்தியானம் நெருங்குகையில் கோமதியும் சிவகாமியும் பட்டுப் பெட்டிகளோடு வந்து சேர்ந்தார்கள். காலியான முற்றத்தைப் பார்த்துக் கோமதிக்கு முதலில் சந்தோஷம். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"ஏங்க, பந்தக்கால் ஊனலையா?"

"ஒம்பது மணிக்குள்ள ஊனியாச்சு. பொட்டுக்கு நேர் கீழ. கடுகளவு பிசகலை."

"எங்க ஊனுனீங்க?"

உமையொருபாகம் சுவர்க் கடிகாரத்தை நிதானமாகப் பார்த்தார். "இப்போ சாத்தூர் தாண்டியிருக்கும்," என்றார்.

கோமதி அங்கேயே உட்கார்ந்தாள். பட்டுப் பெட்டி கையிலிருந்து நழுவியது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. விருதுநகரிலிருந்து தவசிலிங்கம். வேன் டயர் பஞ்சர், இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை, பால் ஊற்ற வர நேரமாகிவிடுமே என்று பதறினார். கோமதி போனைப் பறிக்க எழுவதற்குள் உமையொருபாகம் சம்பந்தியைச் சமாதானப்படுத்திவிட்டார்.

"நீங்க அலைய வேண்டாம், சம்பந்தி. பால் சொம்போட பைபாஸ் ரோட்டுல வந்து நில்லுங்க. பந்தக்கால் அந்தப் பக்கம்தான் வந்துக்கிட்டிருக்கு. கை காட்டுனா நிப்பாட்டுவாங்க."