சும்மா கிடைத்த தண்ணீர்

ஊற்று இடிந்துபோனது முள்ளம்பன்றியால்தான். அதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தண்ணீரைச் சும்மா குடிக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

கடுங்கோடை. காட்டாறு வற்றி, இக்கரையிலிருந்து அக்கரைவரை வெறும் மணல். அப்படிப்பட்ட காலத்தில் அந்தக் காட்டில் யானைதான் ஊற்றுத் தோண்டும். மணலை முகர்ந்துகொண்டே போகும். ஓரிடத்தில் நிற்கும். முன்காலால் கீறி, தும்பிக்கையால் அள்ளி எறியும். அடியில் தண்ணீர் கசியும். தான் குடித்துவிட்டுப் போய்விடும். ஊற்றை மூடாது. பிறகு மானும் முயலும் கௌதாரியும் வந்து குடிக்கும். அதுதான் வழக்கம். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

முள்ளம்பன்றி மட்டும் குடிக்காமல் கரைமேட்டில் உட்கார்ந்திருந்தது.

"என்னண்ணே, தாகமில்லையா?" என்றது கௌதாரி.

"இருக்கு."

"அப்போ இறங்கி வாயேன்!"

"யானை தோண்டினதுல நான் எப்படி வாய் வைப்பேன்? நான் என்ன பிச்சைக்காரனா?"

"அப்போ நாங்க எல்லாம் பிச்சைக்காரங்களா?"

"நான் சொல்லலை. நீயே சொல்லிக்கிறே."

கௌதாரிக்கு முகம் சுண்டிப்போயிற்று. பறந்துவிட்டது.

முள்ளம்பன்றி தானே தோண்டித் தானே தின்று வளர்ந்த ஜீவன். ஒரு கிழங்கைக்கூட யாரிடமும் வாங்கியதில்லை. அதில் அதற்குப் பெருமை. ஆனால் எப்போதும் தனியாகவே இருந்ததால், அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளவும் ஆளில்லை.

தாகம் தாங்காமல் அது ஒரு கிழங்கைக் கவ்விக்கொண்டு யானையிடம் போயிற்று.

"அம்மா, இதை வாங்கிக்கோங்க. பதிலுக்கு ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்."

"எனக்குக் கிழங்கு வேண்டாம். போய்க் குடி."

"சும்மாவா?"

"பின்னே?"

"அது சரிப்படாதும்மா."

யானை காதை ஆட்டிக்கொண்டு மலைப்பக்கம் நடந்தது.

முள்ளம்பன்றி யோசித்தது. 'இந்த ஊற்றைப் பெரிசாக்கிக் கொடுத்தால் என்ன? அப்புறம் இதில் என் உழைப்பும் இருக்கும். தலை நிமிர்ந்து குடிக்கலாம்.'

உச்சிவெயிலில் மற்றவை நிழல் தேடிப் போயிருந்தன. முள்ளம்பன்றி ஊற்றுக்குள் இறங்கியது. பக்கச் சுவரின் அடியில் நகத்தை வைத்துப் பறிக்க ஆரம்பித்தது.

கரையில் பாறை இடுக்கிலிருந்து உடும்பு தலையை நீட்டியது. "ஏய்! அடியில பறிக்காதே! விழுந்துடும்!"

"தோண்டுறது என் பிறவி வேலை. நீ எனக்குச் சொல்லித்தராதே!"

"உன் வளை இருக்கிறது கெட்டித் தரை. அது நிக்கும். இது ஆத்து மணலுடா, மடையா!"

முள்ளம்பன்றி காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் வேகமாகப் பறித்தது.

சுவர் பொத்தென்று சரிந்தது. எதிர்ச்சுவரும் விழுந்தது. முள்ளம்பன்றி தத்தளித்து வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது ஊற்று இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் எல்லாம் குடிக்க வந்தன. மான் தன் குட்டியை முட்டி முட்டி நடத்திக்கொண்டு வந்தது. குட்டியின் கால்கள் பின்னிக்கொண்டன.

"தண்ணி எங்கே?" என்றது மான்.

"நான்... பெரிசாக்கலாம்னு..." என்றது முள்ளம்பன்றி.

மான் குட்டியைப் பார்த்தது. பிறகு மணலைப் பார்த்தது. குட்டியைத் திருப்பிக்கொண்டு அக்கரை மரத்தடிக்குப் போயிற்று. மற்றவையும் பின்னாலேயே போயின. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

முள்ளம்பன்றி மட்டும் இக்கரையில் நின்றது. இங்கே தோண்டியது, அங்கே தோண்டியது. மணலுக்கடியில் தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று யானையின் மூக்குக்குத் தெரியும். இதற்குத் தெரியாது. எல்லாக் குழியும் காய்ந்த குழி.

"கௌதாரி!" என்று கூப்பிட்டது. பதில் இல்லை.

பின்னால் சலசலவென்று சத்தம் கேட்டது. யாரோ வருகிறார்கள் என்று ஆசையாகத் திரும்பியது. ஒருவருமில்லை. காற்றில் அதன் முட்களே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

விடிந்ததும் யானை வந்தது. யாரும் போய்ச் சொல்லவில்லை. தானாக வந்தது.

இடிந்த ஊற்றின்மேல் முள்ளம்பன்றி சுருண்டு கிடந்தது.

"அம்மா, நான்தான் இடிச்சேன்."

"தெரியுது. தள்ளு."

யானை கீறியது. அள்ளி எறிந்தது. வியர்க்காத உடம்பு என்றாலும் களைப்பு களைப்புதானே. மூச்சு இரைக்க இரைக்க, முன்னைவிட ஆழமாகத் தோண்டியது. தண்ணீர் கசிந்தது. கலங்கல் தெளிந்தது.

"குடி," என்றது யானை.

"நானா? முதல்ல மான்குட்டி குடிக்கட்டும்."

"அதோ, வந்துகிட்டுதான் இருக்கு. உன் நாக்கு வெளியே தொங்குது. குடி."

"இதுக்கு நான் என்ன செய்யணும்?"

"மறுபடியும் ஆரம்பிக்காதே!"

"ஒண்ணும் செய்ய வேண்டாமா?"

"குனிஞ்சு வாயை வை. அதைச் செய், போதும்."

முள்ளம்பன்றியிடம் கொடுக்க ஒன்றுமில்லை. கிழங்கு இல்லை. நகங்கூடத் தேய்ந்துபோயிருந்தது. ஊற்றுக்குள் சறுக்கி இறங்கிக் குனிந்தது. குடித்தது. வெட்கமாக இருந்தது. தண்ணீர் இனித்தது. இரண்டும் சேர்ந்தே இருந்தன.

மணலைப் பற்றி ஏறி வெளியே வந்தபோது யானை போய்விட்டிருந்தது.

மான் குட்டியோடு வந்து சேர்ந்தது. ஊற்று ஆழம். குட்டியின் வாய் எட்டவில்லை. இறங்கினால் சறுக்கி உள்ளே விழும். தண்ணீர் கண்ணெதிரே இருக்க, குட்டி முன்காலை மடித்து அப்படியே உட்கார்ந்துவிட்டது.

முள்ளம்பன்றி பாய்ந்து தோண்டப் போயிற்று. சட்டென்று நின்றது.

"உடும்பண்ணே! எந்தப் பக்கம் சரிச்சா இடியாது?"

உடும்புக்கு நம்ப முடியவில்லை. "என்னையா கேக்குறே?"

"உன்னைத்தான். சீக்கிரம் சொல்லுண்ணே!"

"அடியில கை வைக்காதே. எட்ட இருந்து ஆரம்பி. மேல் மணலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமா வழிச்சுக்கிட்டே வா."

தேய்ந்த நகத்தால் முள்ளம்பன்றி வழித்தது. சரிவாக ஒரு பாதை இறங்கியது. குட்டி தட்டுத்தடுமாறி இறங்கி வாய் வைத்தது. குடித்தது. அதன் வால் ஆடியது. மான் நன்றி சொல்லவில்லை. முள்ளம்பன்றி அதற்காக நிற்கவும் இல்லை.

மறுநாள் காற்றில் பாதை மூடிக்கொண்டது. மறுபடி வழித்தது. அதற்கடுத்த நாளும் வழித்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. அது வழித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் கௌதாரி வந்து எட்ட உட்கார்ந்தது.

"யானை உனக்குக் கூலி பேசியிருக்கா?"

"இல்லை."

"இதைச் செஞ்சாத்தான் தண்ணின்னு சொல்லியிருக்கா?"

"இல்லை."

"பின்னே எதுக்கு இந்தப் பாடு?"

"குடிச்சேன்ல," என்றது முள்ளம்பன்றி.

கௌதாரி கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தது. பறந்து போகவில்லை.

ஆலயத்தில் பாய் விரித்து, பெஞ்சு துடைத்து, மணியடித்துப் பரலோகத்தை வாங்கிவிடலாம் என்று பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பாய் விரிக்கட்டும், நல்லதுதான், ஆனால் முதலில் குடிக்கட்டும்.

கிருபையைச் சும்மாதான் வாங்க வேண்டும், ஊழியம் அதற்குப் பிறகு தானாக வரும். நம் பாவத்தால் நாம் இடித்துப் போட்ட ஊற்றை மறுபடி தோண்டித் தந்தவர் இயேசு.