வேர் முடிச்சு வழக்கு

ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி, மழை எப்பவாவது எட்டிப் பாக்கற ஒரு சீமையை செம்பொன்ராயன்னு ஒரு ராஜா ஆண்டாரு. கோவமும் சிரிப்பும் அவருக்கு ஒரே கொட்டாவியில வரும். அவர் ஆடுற ஆட்டத்தையெல்லாம் இருபது வருஷமா நேராக்கி நேராக்கி, மந்திரி அம்பலவாணருக்கு முதுகே வளைஞ்சு போச்சு.

அன்னைக்கு ராஜா சபையில உக்காரக்கூட இல்ல, அதுக்குள்ள படையை நடத்துற தளவாய் கொம்பையன் ஒரு அகத்தி மரத்தை வேரோட இழுத்துட்டு வந்தான். பின்னாலேயே குடியானவ சடைச்சி.

"மகாராஜா! மூணு வருஷம் விதைக்காத நிலம் தரிசு, அது அரண்மனைக்குங்கிறது சட்டம். இவ நிலம் பூரா அகத்திதான். பாருங்க, வேரெல்லாம் முடிச்சு. நோய்! நிலத்தை என்கிட்ட குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"இருக்கறது அந்த ஒரு துண்டுதான் சாமி," சடைச்சி கும்பிட்டா. "சோளம் போட்டுப் போட்டு மண்ணு செத்துப் போச்சு. அதான் அகத்தி வச்சேன். வர்ற ஆடியில வெட்டி உழுதுட்டு விதைப்பேன்."

"எடுத்துக்கோ தளவாய்!" ராஜா கொட்டாவி விட்டாரு.

மந்திரி ஒரு முடிச்சை நகத்தால கீறினாரு. உள்ள செக்கச்செவேல்னு இருந்துச்சு. 'நோயா இது? உயிரோட இருக்கு.' பெருமூச்சு விட்டாரு.

"மகாராஜா, ஒரு பந்தயம். தளவாய் வருஷம் தவறாம உழுற மண்ணு ஒரு சட்டியில, இவ மண்ணு ஒரு சட்டியில. ரெண்டுலயும் சோளம். எதுல பயிர் வெளுத்துப் போகுதோ அந்த மண்ணுதான் தரிசு."

பந்தயம்னதும் ராஜா நிமிந்து உக்காந்தாரு. "என் மண்ணா வெளுக்கும்?" தளவாய் மீசையை முறுக்கினான். "வைங்க சட்டியை!"

முப்பதாம் நாள் சபை கூடுச்சு. சடைச்சி சட்டியில சோளம் கருகருன்னு நிக்குது. தளவாய் சட்டியில மஞ்சக்காமாலை வந்த மாதிரி நாலு குச்சி.

"சூனியம்!"ன்னான் தளவாய்.

"சூனியமும் இல்ல, ஒண்ணும் இல்ல," மந்திரி அலுத்துக்கிட்டாரு. "அந்த முடிச்சுதான் மண்ணுக்கு உரம் சேக்குது. உதிர்ற தழையும் உரம். உம்ம மண்ணு வருஷாவருஷம் குடுத்துச்சு, நீர் ஒரு தழைகூடப் போடல."

ராஜா தொடையைத் தட்டிச் சிரிச்சாரு. "அகத்தி நின்னா அது தரிசு இல்ல, இனிமே அதுதான் சட்டம்! சடைச்சி, நிலம் உனக்கே. தளவாய், அவ குடுக்கற தழையை நீயே தலையில சுமந்து உன் நிலத்துல போட்டு உழு!"

மறுநாள் தலையில தழைக்கட்டோட, பட்டு வேட்டியில சேறோட தளவாய் தள்ளாடினான். சடைச்சி அரிவாளை நிறுத்தவே இல்ல.

"இன்னும் எத்தனை கட்டுடி?"

"நாப்பது கட்டாவது வேணும் சாமி. உங்க மண்ணு அம்புட்டுப் பசியில கெடக்கு."