ஜெசிந்தாவின் மூச்சு டவுனுக்குப் போன கதை

புளியங்கரை பேண்டு செட்டில் ஊதுகிறவர்கள் ஒன்பது பேர், அடிக்கிறவர்கள் மூன்று பேர். ஆண்டவர் புத்தியை ஊதுகிறவர்கள் பக்கத்திலிருந்து பங்கு வைத்துக்கொண்டு வந்தார் போலிருக்கிறது; அடிக்கிறவர்களிடம் வருவதற்குள் பாத்திரம் காலி. தொம்மைக்குப் பெரிய ட்ரம், சூசைக்குச் சின்ன ட்ரம், இஞ்ஞாசிக்குத் தாளத்தட்டு. மூவரும் நல்லவர்கள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

யூஃபோனியம் ஊதுகிறவள் ஜெசிந்தா. மடியில் வைத்து ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம் அது. சென்னையில் ஒரு இசைக் கல்லூரியில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. திங்கட்கிழமை சொந்த வாத்தியத்தில் ஊதிக் காட்டினால்தான் இடம். அவளிடம் இருந்ததோ சர்ச்சுக்குச் சொந்தமானது, ஊரைத் தாண்டக் கூடாது. புதிதாக ஒன்று வாங்க ஊரே சேர்ந்து பணம் போட்டது.

மாஸ்டர் குருசையா காலில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். ஊதுகிற மற்ற எட்டுப் பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு நெஞ்சுவலி, ட்ரம் வேண்டாம் என்றதால் இந்த மூவரும் மிச்சம்.

"ஜெசிந்தாவக் கூட்டிட்டுப் போங்க" என்றார் மாஸ்டர். "விரலால பிஸ்டன அமுக்குனா டக்குனு மேல வரணும். முக்கியமா, பிள்ளையோட மூச்சுக்கு ஒத்து வரணும். அவ மூச்ச விட்டுப் பாக்காம வாங்கிராதீங்க."

சனிக்கிழமை காலையில் பார்த்தால் ஜெசிந்தாவுக்குப் பரீட்சை. மூவரும் அவள் வீட்டு வாசலில் நின்று யோசித்தார்கள்.

"ஆள் எதுக்குடே? மாஸ்டர் கேட்டது மூச்சத்தான" என்றார் தொம்மை.

சூசை ஒரு பலூன் வாங்கி வந்தார். ஜெசிந்தா ஹால் டிக்கெட்டைத் தேடிக்கொண்டே அதை ஊதிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

பஸ்ஸில் இஞ்ஞாசி பலூனை லேடீஸ் சீட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். "பொம்பளப் பிள்ள மூச்சு" என்று கண்டக்டரிடம் விளக்கினார். கண்டக்டர் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெண்களுக்கான இலவச டிக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

கடையில் நான்கு யூஃபோனியம் இருந்தன. தொம்மை பலூனின் வாயை முதல் வாத்தியத்தில் வைத்துக் கொஞ்சம் திறந்தார். புஸ் என்றது.

"ஒத்து வரல" என்றார் இஞ்ஞாசி.

இரண்டாவதும் புஸ். மூன்றாவதும் புஸ். பலூன் எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது.

"போதும்டே. இதையும் விட்டுட்டா அங்க பிள்ளைக்கு ஏதாவது ஆயிரும்" என்று சூசை கண் கலங்கினார்.

கடைக்காரர் போலீஸ் பேண்டில் ஊதி ரிட்டயர் ஆனவர். அவரால் பொறுக்க முடியவில்லை. நான்காவதை மடியில் வைத்து ஒரு பாட்டு ஊதினார். கடையே குளிர்ந்துபோனது. பிஸ்டன்களும் டக் டக்கென்று மேலே வந்தன.

"நல்ல வாத்தியந்தான்" என்றார் தொம்மை வருத்தமாக. "ஆனா இது உங்க மூச்சுக்குல்லா ஒத்து வருது."

"யார் ஊதினாலும் வரும்யா."

"மாஸ்டர் அப்படிச் சொல்லலயே."

மூவரும் ஒரு மூலைக்குப் போய்ப் பேசினார்கள். மூன்று வருஷப் படிப்பு, ஆறு செமஸ்டர். தொம்மை ஆறு பலூன்களோடு திரும்பி வந்தார். இவர்கள் கிளம்பினால் போதும் என்று கடைக்காரர் நான்காவதற்குப் பணத்தை வாங்கிக்கொண்டு, செமஸ்டருக்கு ஒன்றாக ஆறையும் ஊதிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை ஜெசிந்தா அந்த வாத்தியத்தை ஊதி இடம் வாங்கிவிட்டாள். செய்தி கேட்டு மாஸ்டர் அழுதேவிட்டார். 'ஊரில் இல்லாத வாத்தியம்' என்று மூவரையும் புகழ்ந்தார்.

ஹாஸ்டலுக்குக் கிளம்பும் நாளில் மூவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். எலுமிச்சம்பழ அளவுப் பலூனை சூசை அவள் கையில் பத்திரமாக ஒப்படைத்தார். "மிச்சம் இருந்தது, நீயே வச்சுக்கம்மா." இஞ்ஞாசி மற்ற ஆறையும் செமஸ்டர் நம்பர் எழுதி அவள் பெட்டியில் கட்டினார். அவள் ஏறும்போது படிக்கட்டுக் கம்பியில் உரசி ஒன்று வெடித்தது.

தொம்மை தொப்பியைக் கழற்றினார். "எத்தனாவது?"

"மூணாவது" என்றார் சூசை.

பஸ் நகர ஆரம்பித்தது. தொம்மை கூடவே ஓடி ஜன்னலைத் தட்டினார்.

"பயப்படாத பிள்ள. மூணாவது செமஸ்டருக்கு மட்டும் ட்ரம் எடுத்துக்க. அதுக்கு மூச்சே வேண்டாம்."