குப்பை டப்பாவில் புது ரேம்

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த கோமதிநாயகத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் ரிப்பேர் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. குருவைத் தேடி அலையவில்லை. கடையில் பாதிப் பங்குக்காரி சகாயமேரிதான் குரு. அவரைவிட ரொம்பச் சின்னவள். ஆனாலும் வாய் நிறைய 'டீச்சர்' என்றே கூப்பிடுவார். அதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அன்று காலை, ஒரு ஸ்டுடியோக்காரர் கூடுதல் மெமரி கேட்டுக் கொடுத்திருந்த கம்ப்யூட்டரில் புது ரேம் மாட்டினார். திரை இருட்டாகவே இருந்தது. மெஷின் பீப் பீப் என்று கத்தியது. கழற்றி, அழிரப்பரால் அதன் முனையைத் தேய்த்து, மறுபடி மாட்டினார். அதே கத்தல். இன்னும் தேய்த்தார். பள்ளிக்கூடத்தில்கூட அவர் இவ்வளவு ரப்பர் செலவழித்ததில்லை.

பழைய ரேமை மட்டும் போட்டதும் மெஷின் சமர்த்தாக எழுந்துகொண்டது.

"புதுசு டெட்டு," என்று அதைக் குப்பை டப்பாவில் போட்டார். அந்த எரிச்சலில், ஒரு வாரமாக மனதில் கிடந்ததும் வெளியே வந்துவிட்டது.

"டீச்சர், கவுண்டர்ல நிக்கிற பேச்சியம்மாள இன்னையோட நிப்பாட்டிருவோம். ஆள் வந்தா வாயே தொறக்க மாட்டேங்கா. வந்தவன் பக்கத்துக் கடைக்குப் போயிருதான்."

"அப்படியா அண்ணாச்சி?"

"பாவந்தான். அவ சம்பளத்துலதான் வீடு ஓடுது. அதுக்காவ என்ன செய்ய?"

சகாயமேரி டப்பாவிலிருந்து ரேமை எடுத்தாள். பில் போடும் கம்ப்யூட்டரைத் திறந்து, அதிலிருந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டி, சுவிட்சைத் தட்டினாள். ஒரு கத்தலும் இல்லை. படம் பளிச்சென்று வந்தது.

கோமதிநாயகத்துக்கு வாயெல்லாம் பல்.

"நல்லாத்தான இருக்கு! அங்க ஏன் டீச்சர் அப்படிக் கத்துச்சு?"

"அந்த மெஷினுக்குள்ள இருக்க போர்டுக்கு இது சேரல அண்ணாச்சி. அதுக்குச் சேர்ற மாதிரி வேற பாத்துப் போடுவோம்."

"அப்ப ஒரு ரேம் கெட்டதுன்னு எப்பதான் சொல்ல?"

"ஒரு போர்டுல வச்சுப் பாத்துட்டுச் சொல்லக் கூடாது."

இது பிரமாதமான பாடம் என்று அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"சரி, அந்தப் பிள்ளைட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?"

"அவள எந்தெந்த வேலையில வச்சுப் பாத்திய?"

"கவுண்டர்லதான்…"

சகாயமேரி மேஜையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர்களை ஒதுக்கி, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் பண்ணினாள்.

"நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி. வரும்போது ஒரு ஸ்டூலையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."