நொடிக்கு நூறு தரம்

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற இருதயராஜ், தன்னைவிட இருபத்தைந்து வயது சின்னவளான மெஹருன்னிசாவிடம் மாணவராகச் சேர்ந்தார். திருச்சியில் ஒரு குறுகலான சந்தில் அவள் செல்போன் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தாள். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை சார் என்பாள். யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

வந்த காரணம் ஒன்றுதான். தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து அவர் மனைவி சலேத்மேரிக்குக் குரல் போய்விட்டது. அதற்கு முன்பே நானூறு சொற்களைத் தன் குரலில் ஒரு கைக்கணினியில் பதிவு செய்து வைத்திருந்தாள். திரையைக் குச்சியால் தொட்டால் பேசும். ஒரே வருஷத்தில் அவள் விரல்கள் நடுங்கத் தொடங்கின. தண்ணீர் கேட்கப் போனால் விரல் தவறி, கைக்கணினி 'தபால்காரர்' என்றது. கைக்கணினி பீரோவுக்குள் போனது. பிறகு மூன்று வருஷம் அவளுக்கும் சேர்த்து அவரே பேசினார். அவள் மனசு தனக்கு அத்துப்படி என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெரிய கீபோர்டு ஒன்றை மாட்டிவிட்டால், வேண்டிய சொல்லைத் தட்டி அவளே பேசிவிடுவாள். ஆனால் அந்தக் கைக்கணினி, கம்ப்யூட்டரில் செருகினால் மின்சாரம் வாங்கிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகியது. கீபோர்டும் அதே ஜாதி. இரண்டையும் மாட்டினால் இரண்டும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"ஒயரெல்லாம் சரியாத்தான் இருக்கு டீச்சர். ஏன் வேலை செய்யல?"

"கீபோர்டுக்கு எவ்வளவு வேணும்?"

"அஞ்சு வோல்ட்."

"இது பேட்டரியில எவ்வளவு இருக்கு?"

"மூணே முக்கால்."

அவள் அடுத்த போனைத் திறக்கப் போய்விட்டாள்.

இருதயராஜ் வோல்ட்டை ஏற்றித்தரும் சின்ன மின்சுற்று ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தார். முதல் சுற்று புகைந்தது. இரண்டாவதை வைக்கும்போது கைக்கணினியின் சர்க்யூட் பலகையில் ஒரு செம்புக்கோடு உரிந்து வந்தது. தலைமுடி தடிமனில் ஒயர் போட்டு ஒட்டினார். இனி கைக்கணினியே கீபோர்டைக் கேட்கும்படி டீச்சர் ஒரு நிரலை ஏற்றித் தந்தாள். மூன்றாவது வாரம் கீபோர்டின் விளக்கு எரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார்.

சனிக்கிழமை காலை சலேத்மேரியை அழைத்து வந்து பெஞ்சில் உட்காரவைத்தார். அவள் நடுங்கும் விரலால் ஐந்து எழுத்து அழுத்தினாள். திரையில் இரண்டுதான் வந்தது. மறுபடி அழுத்தினாள், ஒன்று வந்தது. முகம் சுருங்கிவிட்டது.

மெஹருன்னிசா கைக்கணினியை வாங்கி நிரலைப் பார்த்தாள்.

"சார், இந்த எண்ணை மாத்தினீங்களா?"

"ஆமா டீச்சர். பேட்டரி நாற்பது நிமிஷத்துல தீர்ந்துடுது. பாத்தா, இது நொடிக்கு நூறு தரம் கீபோர்டைக் கேட்டுக்கிட்டே இருக்கு, ஏதாவது இருக்கா, இருக்கான்னு. அது ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்குது. எதுக்கு வெட்டி வேலைன்னு நொடிக்கு ஒரு தரம்னு குறைச்சேன்."

"கீபோர்டு தானா முந்திக்கிட்டுச் சொல்லுமா?"

"சொல்லாது. கேட்டாத்தான்."

"பழையபடி வைங்க. பேட்டரி பெரிசா போட்டுக்கலாம். கனம் இருந்தா இருக்கட்டும்."

"தொண்ணூத்தொன்பது தரம் வீண்தானே டீச்சர்?"

அவர் எண்ணை மாற்றி முடித்து, பெரிய பேட்டரியைக் கட்டும்வரை மெஹருன்னிசா பொறுத்திருந்தாள். பிறகு சலேத்மேரி பக்கம் திரும்பினாள். எதிர் டீக்கடைக்காரர் வந்து நின்றிருந்தார்.

"என்னம்மா குடிக்கிறீங்க?"

"டீ," என்றார் இருதயராஜ். "சர்க்கரை கம்மியா. அவளுக்கு அதான் பிடிக்கும்."

மெஹருன்னிசா அவர் பக்கம் திரும்பவே இல்லை. கடைக்காரரையும் கையமர்த்தி நிறுத்தினாள். சலேத்மேரி ஒரு எழுத்தை அழுத்தினாள். தப்பு. அழித்தாள். மறுபடி தேடினாள். இருதயராஜ் இரண்டு தடவை வாயெடுத்தார், இரண்டு தடவையும் டீச்சரின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

கைக்கணினி பேசியது. மூன்று வருஷமாக அவர் கேட்காத குரல்.

"காப்பி."

குரலைக் கேட்டதில் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. சொன்னது என்ன என்பது சற்றுப் பிறகுதான் உறைத்தது.

"மூணு வருஷமா டீதானே குடிச்சா டீச்சர்? மடக் மடக்னு குடிப்பாளே. வேண்டாம்னு ஒரு தலையாட்டு கூட இல்லையே, ஏன்?"

மெஹருன்னிசா பற்றவைக்கும் கோலின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்தாள்.

"நொடிக்கு நூறு வேணாம் சார். மூணு வருஷத்துல எத்தனை தரம் கேட்டீங்க?"

இருதயராஜ் மனைவி பக்கம் திரும்பினார். சலேத்மேரியின் விரல் அடுத்த எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தது.