அய்யன்திடல் தடம்

நடந்ததைச் சொல்வது என் வேலை. தீர்ப்பு உங்களுடையது. அவசரப்பட வேண்டாம், இதில் அவசரப்பட்ட எல்லோருமே பிறகு வருந்தினார்கள்.

நல்லாற்றூர் மாநகரையும் சுற்றியுள்ள நாற்பது ஊர்களையும் சேர்த்து, அடுத்த இருபது ஆண்டுகளுக்குப் பேருந்து எங்கெங்கே ஓட வேண்டும் என்று திட்டம் போட ஓர் அலுவலகம் இருந்தது. தலைமை அதிகாரி அருமைநாயகம். ஓய்வுபெற இரண்டு மாதமே பாக்கி. அவருக்குக் கீழே கணக்கெடுப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் திலகராணி.

அந்த ஆண்டு ஒரே ஒரு புதுத் தடத்துக்குத்தான் அரசு நிதி ஒதுக்கியது. தவறினால் அடுத்த வாய்ப்பு ஐந்து ஆண்டு கழித்து. கூத்தகுளத்துக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். அவ்வூர்ப் பெண்கள் நூற்பாலை வேலைக்குத் தினமும் நாலு கிலோமீட்டர் நடந்தார்கள். ஒன்பது வருடமாக மனுவும் கொடுத்துவந்தார்கள்.

ஆனால் அருமைநாயகம் எழுதிய வரைவில் இருந்த பெயர் அய்யன்திடல். பக்கத்திலேயே, ‘தினசரிப் பயணிகள் 3,800’ என்று போட்டிருந்தது.

திலகராணிக்கு நெருடியது. அவளுடைய பிரிவிலிருந்து யாரும் அந்தப் பக்கம் போனதே இல்லை. மறுநாள் அவளே போனாள். பொட்டல் வெளி, ஒரு டீக்கடை, அவ்வளவுதான். காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை மினி பஸ்ஸில் ஏறியவர்கள் பதினொரு பேர்.

டீக்கடைக்காரர் சொன்னார்: “கணக்கெடுக்க யாரும் வரலியேம்மா. நரைச்ச தலையா ஒரு ஆபீசரு மட்டும் ரெண்டு தடவ ஜீப்புல வந்து நிலத்தைச் சுத்திப் பாத்துட்டுப் போனாரு.”

நிலத்தை ஏன் பார்க்க வேண்டும்? அவள் நேரே பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போய் விசாரித்தாள். அய்யன்திடலில் முக்கால் ஏக்கர், அருமைநாயகத்தின் மைத்துனர் பெயரில் இருந்தது. பெயரைப் பார்த்ததுமே அவள் கிளம்பிவிட்டாள். வாங்கிய வருடத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

அருமைநாயகத்தின் அறைக்குப் போனாள். அவர் எழுந்துவந்து கதவைச் சாத்தினார். அதுவும் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

“சார், இந்த எண்ணிக்கை யார் எடுத்தது?”

“நான்தாம்மா போட்டேன். நீ கையெழுத்துப் போடு.”

“அங்க பதினோரு பேர்தான் சார் ஏறுறாங்க.”

“இன்னைக்கு அவ்வளவுதான். நாம இருபது வருஷத்துக்குத் திட்டம் போடுறோம்.”

“அங்க யார் சார் வரப்போறா?”

“அதை மட்டும் கேக்காத” என்றார் அவர்.

அவள் கையெழுத்துப் போடவில்லை. கருத்துக்கேட்புக் கூட்டத்தில், திட்டக்குழு உறுப்பினர்கள் பதினேழு பேருக்கும் ஊர் மக்களுக்கும் முன்னால் எழுந்து நின்று, அந்த எண் பொய் என்றாள். மைத்துனரின் நிலத்தையும் சொன்னாள். மண்டபம் கொந்தளித்தது. அருமைநாயகம் வாயே திறக்கவில்லை. தடம் கூத்தகுளத்துக்குப் போயிற்று. அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். முதல் பேருந்து வந்த அன்று கூத்தகுளத்துப் பெண்கள் திலகராணிக்கு மாலை போட்டார்கள்.

ஆறு மாதம் கழிந்தது. ஆற்றங்கரைக் குடிசைகளைக் காலிசெய்து, தொள்ளாயிரம் குடும்பங்களை லாரிகளில் ஏற்றி அய்யன்திடலில் இறக்கினார்கள். அந்த மினி பஸ்ஸைத் தவிரப் பேருந்து கிடையாது. நகரத்தில் வீட்டு வேலை பார்த்த பெண்களின் சம்பளத்தில் பாதி ஷேர் ஆட்டோவுக்கே போனது. பலர் வேலையை விட்டார்கள். பிள்ளைகள் பள்ளியை விட்டார்கள்.

அதன் பிறகுதான் கோப்பு எழுத்தர் இம்மானுவேல் திலகராணியிடம் வந்தார். இந்தக் குடியேற்றத்தைப் பற்றிக் குடியிருப்புத் துறையின் ரகசியக் கடிதம் ஒன்று போன வருடமே அருமைநாயகத்துக்கு வந்ததாகவும், தபாலைப் பிரித்தபோது தானும் அதைப் படித்ததாகவும் சொன்னார். இதற்கு முன் இரண்டு முறை செய்தி கசிந்து, மனை வியாபாரிகள் சுற்று நிலத்தை வளைத்து, வழக்குப் போட்டுத் தடுத்துவிட்டார்கள். திட்டக்குழுவிலேயே மூன்று பேர் மனை வியாபாரிகள். அதனால் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று துறையினர் வாக்குக் கேட்டிருந்தார்கள். அருமைநாயகம் கொடுத்திருந்தார்.

“அன்னைக்கே ஏன் சொல்லல?” என்றாள் திலகராணி.

“எனக்கு எதுக்கும்மா வம்புன்னு இருந்துட்டேன்.”

அவள் பதிவு அலுவலகத்துக்கு மறுபடி போனாள். நிலம் வாங்கி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கிருந்து அருமைநாயகத்தின் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றாள்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”

“சொல்லியிருந்தா, பொய்க் கணக்குல கையெழுத்துப் போட்டிருப்பியா?”

அவள் வாசலிலிருந்தே திரும்பினாள். அவரும் உள்ளே வரச் சொல்லவில்லை.

வாக்கைக் காக்கப் பொய் எழுதியவர் ஒருவர். பொய்யைப் பொறுக்காமல் சபையில் உடைத்தவள் ஒருத்தி. இரண்டும் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவர் ஒருவர். சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

*

நான் கேட்ட வரையில் பலரும் அருமைநாயகத்தின் பக்கம் சாய்கிறார்கள். நான் சாயவில்லை. அவர் வாக்குக் கொடுத்தது ரகசியத்தைக் காக்க. எண்ணை மாற்ற அல்ல. அந்தப் பொய் நின்றிருந்தால், அதற்கு விலை கொடுத்திருப்பார்கள் கூத்தகுளத்துப் பெண்கள். அவர்களை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இம்மானுவேலை எந்த வாக்கும் கட்டவில்லை. இருவரையும் தடுத்திருக்கக்கூடியவர் அவர் ஒருவரே. தன்னை மட்டும் பார்த்துக்கொண்டார். திலகராணி நிலத்தைப் பற்றிச் சபையில் சொன்னது தவறு, அவசரம். அதற்கு அவள் மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் எண்ணைப் பற்றிச் சொன்னது சரி. அந்த மண்டபத்தில் அதை வேறு யாரும் சொல்லப்போவதில்லை. ஆகவே என் தீர்ப்பு அவள் பக்கம். இதை அய்யன்திடலுக்குப் போய்ச் சொல் என்றால் மட்டும் எனக்கு வாய் வராது.