காலணியில் வந்த மண்

ஸ்காட்லாந்து அப்போதுதான் ஒரே அரசனுக்கு அடங்கிய நாடாகிக்கொண்டிருந்தது. அரசனின் குன்றுக்குக் கீழே, ஓடையை ஒட்டிய கல் மடத்தில் நெக்டன் என்ற துறவி இருந்தார். அவருடைய சீடர்களில் லாக்லன் எல்லாரையும்விட மூத்தவன். குருவைவிடவும் மூத்தவன். தாடி பாதி நரைத்த பிறகுதான் மடத்துக்கு வந்தான்.

அதற்கு முன் அவன் எர்ரன் பள்ளத்தாக்கின் தலைவர் டூகலின் மூத்த மகன். அப்பா இறந்ததும் தலைமையைத் தம்பி எவினிடம் கொடுத்துவிட்டு வந்தவன். வாளை விட்டான், மாடுகளை விட்டான், தலைமையை விட்டான். ஒரு கதையை மட்டும் விடவில்லை.

மடத்துக்கு யார் வந்தாலும் அவர்களைக் குன்றின் மேல் அழைத்துப் போய் அந்தக் கதையைச் சொல்வான்.

அரசன் பட்டத்துக்கு வந்த புதிதில், தலைவர்கள் எல்லாரும் தன் புல்வெளிக்கு வந்து தனக்கு அடங்கி நடப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும் என்று ஆள் அனுப்பினான். டூகல் மறுத்தார். எர்ரன் மனிதன் தன் மண்ணில் நின்றுதான் சத்தியம் செய்வான், தன் மண்ணில் நின்றுதான் விசாரணைக்கு உட்படுவான், அரசனுக்காக இந்த வழக்கத்தை மாற்ற முடியாது என்றார். மற்றத் தலைவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். பள்ளத்தாக்கெங்கும் வாள் தீட்டினார்கள். படை வரும் என்று காத்திருந்தார்கள்.

படை வரவில்லை. பதில்தான் வந்தது. உங்கள் கோரிக்கை நியாயமானது, உங்கள் மண்ணிலேயே நின்று சத்தியம் செய்யுங்கள், வரும்போது அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அரசன் சொல்லியனுப்பியிருந்தான்.

டூகல் தன் நீண்ட தோல் காலணிகளில் வயல் மண்ணைப் போட்டு, அதற்குள் காலை நுழைத்துக்கொண்டார். குதிரையில் வந்து புல்வெளியில் இறங்கினார். அரசனின் புல்லில் அவர் பாதம் படவில்லை. தன் மண்ணில் நின்றே சத்தியம் செய்தார். முடிந்ததும் காலணிகளைக் கழற்றி அரசன் கண்ணெதிரே கவிழ்த்துத் தட்டினார். ஒவ்வொரு தலைவரும் அப்படியே செய்தார். அவர்களோடு வந்த ஆட்களும் செய்தார்கள். அரசன் எல்லாருக்கும் திராட்சை மது கொடுத்தான். கேட்டதை முழுதாகக் கொடுத்த அரசனை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. வென்றவர்களைப் போலப் பாடிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

புதிய தலைவர்கள் வரும்போதெல்லாம் புதிய மண் வந்தது. எவினும் அப்பா கொட்டிய இடத்திலேயே கொட்டினான். மண் மேடாயிற்று, மேடு குன்றாயிற்று. அரசன் அதன் உச்சியில் ஒரு கல் இருக்கையைப் போட்டுக்கொண்டு அங்கிருந்தே வழக்குகளை விசாரித்தான்.

"எங்களிடமிருந்து அரசனுக்குக் கிடைத்தது காலணி அழுக்குதான்" என்று லாக்லன் கதையை முடிப்பான்.

மடத்தில் ரொட்டி சுடும் மாலிஸ் என்ற சீடன் இதை எத்தனையோ முறை கேட்டிருந்தான். "இந்தத் தடவை காலணி இடுப்பு வரை வந்துவிட்டதே, அண்ணே. போன மாதம் முழங்காலோடு நின்றிருந்தது" என்பான்.

ஒரு நாள் ஓடையில் அங்கிகளை அலசிக்கொண்டிருந்தபோது லாக்லன் குருவிடம் கேட்டான்.

"குருவே, இந்த அரசன் பெரிய போர் எதுவும் செய்யவில்லை. இவன் அப்பனை ஆற்றுக்கு இந்தப் பக்கம் யாரும் மதித்ததில்லை. இவன் சொல்லுக்கோ இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை எல்லாரும் அடங்கி நடக்கிறார்கள். இவன் எப்படி நாட்டைப் பலப்படுத்தினான்?"

நெக்டன் கையிலிருந்த அங்கியைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்.

"உன் அப்பா கொட்டிய மண்ணை ஏன் திரும்ப எடுத்துக்கொண்டு போகவில்லை?"

லாக்லன் சிரித்துவிட்டான். "அழுக்கை யாராவது வீட்டுக்குச் சுமந்துகொண்டு போவார்களா, குருவே?"

நெக்டன் அங்கியின் மறுமுனையை அவனிடம் நீட்டினார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முறுக்கிப் பிழிந்தார்கள்.

இலையுதிர் காலத்தில் எர்ரனிலிருந்து செய்தி வந்தது. மாடுகளை வரியாக ஓட்டிப்போக வந்த அரசனின் அதிகாரியை, எவின் குதிரையில் வால் பக்கம் பார்த்தபடி உட்காரவைத்துக் கட்டி அனுப்பியிருந்தான். ஊரே கைதட்டிச் சிரித்திருக்கிறது. ஆற்றைக் கடக்கும்போது குதிரை சறுக்கியது. கட்டப்பட்டிருந்த மனிதன் மூழ்கிப்போனான். அடுத்த சந்தையில் எவினைப் பிடித்துவிட்டார்கள்.

எர்ரனில், எவினின் ஆட்கள் சூழ, யார் விசாரித்தாலும் இறந்தவனின் குடும்பத்துக்கு மாடுகளை ஈடாகக் கொடுக்கச் சொல்லித்தான் முடிக்க முடியும். அரசன் தன் மன்றத்தில் விசாரித்தால் தூக்குதான்.

மாலிஸ் பயந்துபோனான். லாக்லன் பயப்படவில்லை. அரசனால் என் தம்பியைத் தொட முடியாது, வழக்கம் இருக்கிறது, அதை ஏற்றுக்கொண்டவனே அரசன்தான் என்றான். தம்பியை அழைத்துக்கொண்டு வருகிறேன், கூடுதலாக ஒரு ரொட்டி சுட்டு வை என்று மாலிஸிடம் சொன்னான்.

நெக்டன் வாசல்வரை வந்தார்.

"அந்தக் கதையை இங்கேயே வைத்துவிட்டுப் போ."

அடக்கமாகப் பேசச் சொல்கிறார் என்று லாக்லன் நினைத்துக்கொண்டான். தலையாட்டிவிட்டு நடந்தான்.

குன்றின் கீழே புல்வெளியில் தலைவர்கள் கூடியிருந்தார்கள். அரசனுக்கு வயதாகியிருந்தது. சளி பிடித்து, கம்பளியைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். எவினின் கைகள் கட்டப்பட்டிருந்தன. அண்ணனைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"மடத்துச் சாப்பாடு உனக்கு ஒத்துக்கொண்டது போலிருக்கிறதே, அண்ணா. தொப்பை முன்னால் வருகிறது."

தலைவர்களில் சிலர் சிரித்தார்கள். அவர்களும் பயப்படவில்லை. வழக்கம் அவர்களுடையதும்தான்.

லாக்லன் வழக்கத்தை எடுத்துச் சொன்னான். அரசன் இருமிக்கொண்டே பொறுமையாகக் கேட்டான்.

"சரிதான்" என்றான். "இந்த வழக்கத்தைக் காப்பாற்றுவதாக உங்கள் அப்பாவுக்கு நானும் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால்தான் உங்கள் தம்பியை இதுவரை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒன்றை மட்டும் தெளிவுபடுத்துங்கள். தலைவனே குற்றம் செய்தால் உங்கள் ஊரில் யார் விசாரிப்பது?"

"அவன் யாருக்குச் சத்தியம் செய்தானோ அவர். ஆனால் எங்கள் மண்ணில்தான். ரத்த உறவு ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்."

எர்ரனுக்குப் போகும் கணவாய் இரண்டு ஆள் அகலம். மேலே வில்லாளிகள் இருப்பார்கள். அரசன் அங்கே விசாரிக்கப் போனால் திரும்பி வர மாட்டான் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அரசனுக்கும் தெரியும்.

அரசன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு நினைவு மங்கிவிட்டது. உங்கள் அப்பா சத்தியம் செய்த அன்று, இந்த இடத்தில், என் மண்ணில்தானே நின்றார்?"

தலைவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. லாக்லனுக்குக் குரு சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அப்பாவின் பெயர் நடுவில் கிடந்தது. அதைக் குனிந்து எடுக்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

கதையைச் சொன்னான். அன்றைக்குச் சொன்னது போல் என்றைக்கும் சொன்னதில்லை. தான் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொன்னான். அப்பா நடந்தபோது காலணிக்குள் மண் நெறுநெறுத்ததைச் சொன்னான். தலைவர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அரசனும் இருமல் வரும் அளவுக்குச் சிரித்தான்.

"ஆக, அது என் மண் இல்லை."

"ஒரு சிட்டிகைகூட இல்லை, அரசே."

"எந்த இடத்தில் கொட்டினார்?"

வந்தவர்களுக்கெல்லாம் காட்டிய இடம். லாக்லன் முன்னால் நடந்தான். அரசன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு குன்றில் ஏறினான். பின்னால் எல்லாரும் ஏறினார்கள். கல் இருக்கைக்கு இடப்பக்கம் ஒரு பாயளவு இடத்தில் ஊதாப் பூக்கள் அடர்ந்திருந்தன. குன்றில் வேறெங்கும் அந்தப் பூ இல்லை.

"இது எங்கள் பள்ளத்தாக்கில் மட்டும்தான் பூக்கும்" என்றான் லாக்லன். "மண்ணோடு விதையும் வந்துவிட்டது. இதுதான் எர்ரன்."

"இதுதான் எர்ரன்" என்று அரசனும் சொன்னான். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். பிறகு காவலர்களைப் பார்த்தான்.

"அவனைக் கொண்டுவந்து இங்கே நிறுத்துங்கள்."

சிரித்துக்கொண்டிருந்த ஒருவனின் வாய் திறந்தபடியே நின்றது. காற்றில் அரசனின் கம்பளி படபடத்தது. தலைவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் சட்டென்று பின்னால் நகர்ந்தார். நகர்ந்த இடமும் யாரோ ஒருவரின் அப்பா கொட்டியதுதான் என்பது தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

எவினைப் பூக்களுக்கு நடுவில் நிறுத்தினார்கள். அவன் கீழே பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"அப்பா இன்னும் கொஞ்சம் சின்னக் காலணியாகப் போட்டிருக்கலாம், அண்ணா."

யாரும் சிரிக்கவில்லை.

லாக்லன் ஓரடி முன்னால் வந்தான். "அரசே, ரத்த உறவு ஒருவர்..." என்று தொடங்கினான்.

"அதற்குத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்களே. தம்பிக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். உங்கள் வழக்கத்தில் என்னால் ஒரு குறையும் வரக் கூடாது."

விசாரணை நீளவில்லை. எவின் எதையும் மறுக்கவில்லை. தூக்கு என்று அரசன் தீர்ப்புச் சொன்னான். எர்ரன் வழக்கப்படி, சாகப்போகிறவனுக்குக் கடைசி வாய்த் தண்ணீரை ரத்த உறவுதான் கொடுக்க வேண்டும். அரசன் அதையும் மறக்கவில்லை. கிண்ணத்தை லாக்லன் கையில் கொடுக்கச் செய்தான். பாதித் தண்ணீர் எவினின் சட்டையில் சிந்தியது.

மாலையில் தலைவர்கள் குன்றிலிருந்து இறங்கினார்கள். யாரும் பாடவில்லை. இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தொப்பியைக் கழற்றிக் கல் இருக்கைக்கு வணக்கம் வைத்தார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

லாக்லன் தம்பியின் உடலை எர்ரனுக்குக் கொண்டுபோய் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தான். குழியைத் தானே மூடினான். திரும்பும் வழியெங்கும் மாட்டு மந்தைகள் அவன் போகும் திசையிலேயே போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு பள்ளத்தாக்கும் அரசனுக்குரிய மாடுகளை ஓட்டி அனுப்பியிருந்தது. கேட்டு எந்த அதிகாரியும் போகவில்லை.

மடத்தை அடைந்தபோது பனி தூறிக்கொண்டிருந்தது. மாலிஸ் கதவைத் திறந்தான். அவனைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். நெக்டன் வாசலுக்கு வந்தார்.

"உங்களுக்குத் தெரிந்திருந்தது" என்றான் லாக்லன். "ஏன் சொல்லவில்லை?"

"கேட்டேன். சிரித்தாய்."

லாக்லன் வாசல் கல்லில் உட்கார்ந்தான். வெகுநேரம் குன்றையே பார்த்துக்கொண்டிருந்தான். பனியில் அதன் உச்சி தெரியவில்லை. பிறகு, உள்ளே போவதற்காகக் காலணிகளைக் கழற்றினான். புதைகுழியின் ஈர மண் அடியில் அப்பிக் கிடந்தது. பழக்கத்தில் ஒரு காலணியைத் தூக்கி, தட்டுவதற்காகக் கவிழ்க்கப் போனான்.

"லாக்லன்."

கை அந்தரத்தில் நின்றது.

"அதை எங்கே கொட்டப் போகிறாய்?"